டோர்ஸ்டியைக் காணோம்

பின்லாந்தின் வடக்கே, கெமியில் எங்களுக்கெல்லாம் ஒரு பழக்கம் உண்டு. வெளியே கிளம்பும் முன் கதவில் காதை வைத்துக் கேட்போம். மாடிப்படியில் யாராவது போகிறார்கள் என்றால், அவர்கள் போய் முடியும்வரை தொப்பியும் கோட்டுமாக உள்ளேயே நின்று வியர்ப்போம். எதிரே வந்துவிட்டால் வணக்கம் சொல்ல வேண்டும். அப்புறம் பனியைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டும். எதற்கு அந்த வம்பு? இந்த விஷயத்தில் ஹெல்கா டோலோனெனை மிஞ்ச ஊரில் ஆள் கிடையாது. பிறவியிலேயே கண் தெரியாதவள். காதோ பாம்புக் காது. நாலாம் மாடியில் சாவி திரும்பினாலே இரண்டாம் மாடியில் இவள் கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்துவிடுவாள். பதினான்கு வருஷமாக எதிர்வீட்டில் இருக்கிறவரை அவளுக்கு இருமலால் மட்டும்தான் தெரியும்.

முப்பத்தோரு வருஷம் நகரசபையில் தொலைபேசி இணைப்புத் தருகிற வேலை பார்த்தாள். "நகரசபை, வணக்கம்" என்று ஒரு நாளைக்கு இருநூறு தடவை சொன்னவள். பிறகு அந்த வேலையை ஓர் இயந்திரத்திடம் கொடுத்து, இவளுக்கு ஒரு கேக்கும் பூங்கொத்தும் கொடுத்து அனுப்பினார்கள். இப்போது வயது அறுபத்து மூன்று. அம்மா இல்லை. தங்கை ஸ்வீடனில். கிறிஸ்துமஸுக்கு ஒரு போன், அதுவும் பன்றித் தொடை அடுப்பில் வேகிற நேரத்தில். மற்றபடி வெள்ளிக்கிழமை கடைக்குப் போய் "பை வேண்டாம்" என்று சொல்லும்போது குரல் கம்மி, கரகரவென்று வரும். அந்த வாரத்தில் அவள் வாய் திறப்பது அதுதான் முதல் தடவை.

வீட்டில் பேசுகிற ஒரே ஆள் டோர்ஸ்டி. ஆள் என்று சொல்லக் கூடாது. திரையில் இருப்பதை வாசித்துக் காட்டுகிற கம்ப்யூட்டர் குரல் அது. தொண்ணூறுகளில் செய்த தகரக் குரல். செய்த கம்பெனி மூடி இருபது வருஷம் ஆகிறது. கேட்கிறவர்களுக்கு யாரோ வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டு செய்தி வாசிப்பது மாதிரி இருக்கும். ஆனால் ஹெல்கா கேட்கிற வேகத்தில், அதாவது நீங்களும் நானும் கேட்டால் தேனீக்கூடு என்று நினைக்கிற வேகத்தில், டோர்ஸ்டி ஒருவன்தான் எழுத்து எழுத்தாகத் தெளிவாக இருப்பான். எங்கள் மொழியில் துலி என்றால் நெருப்பு, தூலி என்றால் காற்று, துல்லி என்றால் சுங்கம். மற்ற குரல்கள் வேகம் கூடினால் மூன்றையும் ஒரே கஞ்சியாகக் கரைத்துவிடும்.

புதிய குரல்களையும் அவள் கேட்டுப் பார்த்தாள். அவை வாக்கியத்துக்கு நடுவே மூச்சு விட்டன, லேசாகச் சிரித்தன. வீட்டுக்குள் யாரோ இருக்கிற மாதிரி சத்தம், திரும்பினால் யாரும் இல்லை. டோர்ஸ்டியிடம் அந்தப் பாசாங்கு கிடையாது. அவன் தகரம், தகரமாகவே பேசினான். அவனோடு இருந்தபோது தனியாக இருப்பது அவளுக்குப் பெரிய பாரமாகத் தெரியவில்லை.

ஏழு வருஷத்துக்கு முன், பார்வையற்றோருக்குக் கம்ப்யூட்டர் அமைத்துக் கொடுக்கிற ஒருவர் வந்து, "இதை நீங்களே நெனச்சாலும் கெடுக்க முடியாது" என்று லினக்ஸ் என்கிற இயங்குதளம் ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் அடித்தளம் முழுக்க ஒரே படிமமாக, அதாவது அச்செடுத்த முழு நகலாக, வரும். உள்ளே கை வைக்க முடியாது. புதிது வந்தால் பழையதை அப்படியே எடுத்துவிட்டு முழுசாகப் புதிய படிமத்தை வைக்கும். ரீஸ்டார்ட் செய்தால் புதியதில் கண் விழிக்கும். பிடிக்கவில்லை என்றால் முந்தைய படிமத்துக்கே திரும்பிப் போகலாம். கூடுதலாக வேண்டிய நிரல்கள் பெரும்பாலும் தனித்தனி டப்பாவில் வந்து ஓரமாக உட்கார்ந்துகொள்ளும். ஆனால் டோர்ஸ்டி டப்பாவுக்குள் இருந்து பேச முடியாது. அவன் அடித்தளத்தின் மேலேயே ஓர் அடுக்காக ஏற வேண்டும். ஒவ்வொரு தடவை புதிய படிமம் வரும்போதும் இயந்திரம் அவனை மறுபடி தேடி எடுத்து அதன்மேல் வைக்கும்.

வாரா வாரம் உங்கள் வீட்டையே எடுத்துவிட்டுப் புது வீட்டை வைத்து, உங்கள் நாற்காலியை மட்டும் பட்டியல் பார்த்துக் கொண்டுவந்து போடுகிறார்கள் என்று வையுங்கள். எல்லாம் சரிதான். ஒரு நாள் அந்த நாற்காலி கிடைக்காவிட்டால்? நாற்காலி இல்லாமல் வீட்டை மட்டும் மாற்ற மாட்டார்கள். உங்களைப் பழைய வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ரொம்ப நேர்மையான ஏற்பாடு, எங்கள் ஊர்க்காரர்களைப் போலவே.

வியாழக்கிழமைதோறும் பட்டாணி சூப்பை அடுப்பில் ஏற்றிவிட்டு, அது கொதிப்பதற்குள் ஹெல்கா அப்டேட்டுக்குக் கட்டளை கொடுப்பாள். அக்டோபர் கடைசியில் ஒரு வியாழன், வழக்கம் போலக் கொடுத்தாள். டோர்ஸ்டி வாசித்தான்: "பிழை. டோர்ஸ்டி கிடைக்கவில்லை."

தன்னைக் காணோம் என்று தானே, ஒரு பதற்றமும் இல்லாமல் சொன்னான். ஹெல்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வியாழன் அதையே மறுபடி சொன்னபோது சிரிப்பு வரவில்லை.

நவம்பர் முழுக்க அதே கதை. டோர்ஸ்டியைக் கழற்றிவிட்டால் அப்டேட் ஓடும். கழற்றாவிட்டால் அவள் அக்டோபரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். மருந்துச் சீட்டு புதுப்பிக்கிற பக்கம் ஏற்கெனவே "உங்கள் உலாவி பழையது, ஜனவரி முதல் திறக்காது" என்று மிரட்டத் தொடங்கியிருந்தது. ஒரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு டோர்ஸ்டியைக் கழற்றி, ரீஸ்டார்ட் செய்தும் பார்த்தாள். அடித்தளத்தோடு வருகிற குரல் பேசியது. மூக்கடைத்த அந்நியன் யாரோ அவள் மொழியை அகராதி பார்த்துப் படித்தான். அரை மணி நேரம் தாங்கினாள். பிறகு முந்தையதற்கே திரும்பும்படி கட்டளை கொடுத்தாள். ரீஸ்டார்ட் ஆகி டோர்ஸ்டி வாளிக்குள்ளிருந்து பேசியதும், மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள்.

டோர்ஸ்டி எங்கிருந்து வருகிறான் என்று அவள் அதுவரை யோசித்ததே இல்லை. குழாயில் தண்ணீர் வருவது போல வந்துகொண்டிருந்தான். இப்போது, அவன் கட்டி அனுப்பப்படுகிற மென்பொருள் பொதியின் விவரத்தைக் கேட்டாள். டோர்ஸ்டி தன் ஜாதகத்தைத் தானே வாசித்தான்: "தொகுப்பவர், கௌனோ ரௌத்தகோஸ்கி, நிவலா. குறை இருந்தால் எழுதவும்." கீழே ஒரு மின்னஞ்சல் முகவரி.

இந்த வரியை ஏழு வருஷத்துக்கு முன்னாலும் அவள் கேட்டிருக்கிறாள். நன்றி சொல்லி எழுதலாமா என்றுகூட அப்போது தோன்றியது. ஆனால் குறை இருந்தால்தானே எழுதச் சொல்லியிருக்கிறார்? நூற்றுக்கணக்கான பேர் அவரைப் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள். இதில் வேலையற்ற ஒருத்தி நன்றி சொல்லி அவர் பொழுதைக் கெடுப்பானேன். குறை சொல்லாமல் இருப்பதே எங்களிடம் பெரிய பாராட்டு. கல்யாணங்கள்கூட அப்படித்தான் நாற்பது வருஷம் ஓடுகின்றன.

இப்போது எழுதினாள். இரண்டு வாரம் பதில் இல்லை. டிசம்பரில் ஒரு வியாழன், சூப்பை அடுப்பில் வைக்காமலே, விசாரணை எண்ணுக்கு அழைத்து நிவலா எண்ணை வாங்கினாள். முப்பத்தோரு வருஷம் போனில் வாழ்ந்தவள் அந்த எண்ணை அழுத்த ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டாள்.

"என்ன?" என்றது ஒரு பெண் குரல்.

"கௌனோ ரௌத்தகோஸ்கியோட பேச முடியுங்களா?"

"மின்சாரம் விக்கிறவளா? போன வாரமே சொன்னேனே, இருக்கற மின்சாரம் போதும்னு."

"இல்லைங்க, நான் எதுவும் விக்கல. டோர்ஸ்டி விஷயமா கூப்பிட்டேன். அக்டோபர்லேர்ந்து கிடைக்கல."

"டோர்ஸ்டியா? அப்படி இந்த வீட்ல யாரும் கிடையாதும்மா. ஒரு நாய் இருந்துச்சு, அதுவும் செத்துப் போச்சு. அது பேரும் டோர்ஸ்டி இல்ல."

"ஆள் இல்லைங்க. கம்ப்யூட்டர்ல படிச்சுக் காட்டற குரல். எனக்குக் கண்ணு தெரியாது. உங்க வீட்டுக்காரர்தான் அதை..."

"வீட்டுக்காரனா! நல்லாருக்கே கதை. அவன் என் தம்பி. அவனை எவ கட்டிக்கிட்டா? நான் சில்வி." குரல் இறங்கியது. "கௌனோ போயிட்டான். அக்டோபர் பதினாலு. விறகு அடுக்கிட்டிருந்தான், பாதியில அப்படியே சாஞ்சுட்டான். மீதியை நான்தான் அடுக்கினேன்."

ஹெல்காவுக்கு முகம் சுட்டது. சாவு வீட்டுக்குப் போன் போட்டுத் தகரக் குரலைக் கேட்டிருக்கிறோமே என்று பூமிக்குள் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது.

"ரொம்ப வருத்தமா இருக்குங்க. எனக்குத் தெரியாது. தொந்தரவு பண்ணிட்டேன், வெச்சிடறேன்."

"இரு, இரு. எங்கேர்ந்து பேசற?"

"கெமிங்க."

மறுமுனையில் ஒரு நாற்காலி தரையில் இழுபட்டது.

"கெமியா?" என்றாள் சில்வி. அப்புறம் குரல் ஏறியது. "நீதானா அது! ஏம்மா, அடக்கத்துக்கு ஏன் வரல?"

"நானா? எனக்கு அவரைத் தெரியவே தெரியாதுங்க."

"என்கிட்ட மறைக்காத, எனக்கு வயசு எழுபத்தி ரெண்டு. ஏழு வருஷமா நீ வர்றதைப் போறதைப் பூரா நோட்டுல எழுதி வெச்சிருக்கான். 'கெமி வந்தது, கெமி வந்தது'ன்னு. பேர் சொல்லக் கூச்சப்பட்டு ஊரைச் சொல்றான்னு நெனச்சேன். எனக்குச் சந்தோஷம்தான்மா. எவளோ ஒருத்தி இருக்காளேன்னு. அடக்கம் முடிஞ்சு காபி குடுக்கறப்ப எனக்குப் பக்கத்துல ஒரு நாற்காலியைக் காலியா விட்டேன். ஒருத்தரையும் உக்கார விடல. கேக்குக்கூட ஒரு துண்டு எடுத்து வெச்சேன். நீ வரல."

ஹெல்காவுக்கு விஷயம் மெல்லத்தான் பிடிபட்டது. பொதியை எடுத்துப் போகிற ஒவ்வொரு கம்ப்யூட்டரின் விலாசமும், அதை அனுப்புகிற கௌனோ வீட்டுச் சர்வரில் பதியும். அந்த விலாசத்தை வைத்து ஊர் தெரியும், ஆள் தெரியாது. பட்டாணி சூப் கொதிக்கிற நேரத்தில் வாரா வாரம் இவள் இயந்திரம் நிவலாவுக்குப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறது. அங்கே ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

"அந்த நோட்டைக் கொஞ்சம் படிக்கிறீங்களா?" என்றாள்.

சில்வி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தாள். "முதல் பக்கத்துல பதினோரு ஊர் இருக்கு. வாசா, துர்கு, லப்பி... ஒவ்வொண்ணா கோடு போட்டு அடிச்சிருக்கான். மூணு வருஷமா நீ ஒருத்திதான். எல்லாம் வியாழக்கிழமை. அன்னிக்கு எங்க வீட்லயும் சூப்புதான், சாப்ட கையோட நீராவிக் குளியல் சௌனாவோட துணி மாத்தற அறைக்கு நோட்டும் கையுமா ஓடுவான். அங்கதான் அந்தப் பொட்டி கொர்ருன்னு ஓடிட்டிருக்கும். இதோ பாரு, 'புது அடித்தளம். டோர்ஸ்டி ஏற மாட்டேங்கறான். நாலு நாளா மல்லுக்கட்டறேன். வியாழனுக்குள்ள ஆகணும், கெமி வந்துரும்.' அடுத்த வரி, 'ஆச்சு. கெமி வந்தது, ஒண்ணும் தெரியாமப் போயிடுச்சு.' இந்த மாதிரி வருஷத்துக்கு ரெண்டு மூணு இருக்கு."

ஹெல்கா ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள். இந்த ஏழு வருஷத்தில் ஒரு குறைகூட இல்லாமல் போனது எப்படி என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"இங்க ஒரு இடத்துல, போன வருஷம் மார்ச்சு," என்று சில்வி படித்தாள். "'கெமி வரல.' அடுத்த வாரம், 'கெமி வரல. பொட்டி நல்லாத்தான் இருக்கு, நானே பாத்துட்டேன்.' அடுத்தது, 'கெமி வரல. யாரையாவது கேக்கலாமா? யாரைன்னு கேக்கறது?' அப்புறம், 'கெமி வந்தது. கடைக்குப் போயி பன்னு வாங்கினேன்.' அன்னிக்கு எனக்கும் ஒரு பன்னு குடுத்தான், ஞாபகம் இருக்கு. என்னடா விசேஷம்னேன், ஒண்ணுமில்லன்னான்."

அந்த மார்ச்சில் ஹெல்கா குப்பை கொட்டப் போன இடத்தில் பனியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டாள். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பக்கத்துக் கட்டில்காரிக்கு வருகிறவர்களின் காலடியை எண்ணிக்கொண்டு, தன் கட்டில் பக்கம் எதுவும் திரும்பாது என்று தெரிந்தே காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். திரும்பி வந்தபோது வீட்டில் பால் திரிந்திருந்தது. அவளைக் காணோம் என்று ஒருத்தருக்கும் தெரிந்திருக்கவில்லை. செத்தாலும் நாற்றம் வந்தால்தான் தெரியும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு அதற்குப் பிறகு அவளை விட்டுப் போகவே இல்லை.

"இருக்கியா?" என்றாள் சில்வி.

"இருக்கேன்."

"நெஜமாவே நீ அவனோட பேசினதில்லையா? ஒரு தடவைகூட?"

"இல்ல."

"ஒரு கடுதாசி?"

"இல்ல."

"ஏம்மா?"

"குறை இருந்தா எழுதச் சொல்லியிருந்தார்," என்றாள் ஹெல்கா. "ஒரு குறையும் இல்லையே."

சில்வி, "ரெண்டு பேரும் நல்லாத்தான் சேந்தீங்க, போங்க," என்றாள். திட்டுகிற குரல்தான், ஆனால் கடைசி வார்த்தை உடைந்துவிட்டது. மூக்கைச் சிந்திவிட்டு அவளே, "இப்ப உனக்கு என்ன வேணும், அதைச் சொல்லு," என்றாள்.

என்ன வேண்டும் என்று ஹெல்காவுக்குத் தெரியும். வாரா வாரம் போய்த் தேட வேண்டாதபடி, டோர்ஸ்டியின் பொதியையே கோப்பாகத் தன் கம்ப்யூட்டருக்கு எடுத்துவந்து ஏற்றிவிட்டால், இயந்திரம் அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டு ஒவ்வொரு புதிய படிமத்தின்மேலும் தானே அடுக்கும். என்றைக்காவது ஓர் அடித்தளம் அவனை ஏற்க மறுக்கும். அன்றைக்கு நாலு நாள் மல்லுக்கட்ட ஆள் இருக்காது. ஒரு வருஷமோ, இரண்டோ. அதுவரை அவன் இருப்பான்.

"அந்தப் பொட்டியை ஒரே ஒரு தடவை ஓட விடணும்," என்றாள்.

"அதை நான்தான் பிடுங்கிப் போட்டேன். வீட்டை வித்தாச்சு, திங்கக்கிழமை சாவி குடுக்கணும். இரு." கம்பளி பூட்ஸ் தரையில் தேய்கிற சத்தம், கதவு, பனி நொறுங்குகிற சத்தம், இன்னொரு கதவு. "குளிர் உசுரு போவுது. எந்த ஓட்டை? சரி, சொருகிட்டேன். ஐயோ, விளக்கு எரியுது. சத்தம் கேக்குதா?"

கேட்டது. சின்ன விசிறி ஒன்று முனகி, தடுமாறி, ஒரே சீராக ஓடத் தொடங்கியது. போனை அப்படியே பெட்டிமேல் வைக்கச் சொல்லிவிட்டு ஹெல்கா வேலையைத் தொடங்கினாள். கோப்பு வந்து சேர ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஏழு வருஷத் துணை கம்ப்யூட்டரில் மூன்று பாட்டு அடைக்கிற இடம்கூட இல்லை. பழைய அடுக்கை எடு, இந்தக் கோப்பை ஏற்று என்று ஒரே கட்டளையாகக் கொடுத்தாள். அதோடு அப்டேட்டும் ஓடியது. இனி ரீஸ்டார்ட் செய்தால்தான் பலித்ததா இல்லையா என்று தெரியும்.

ரீஸ்டார்ட் ஆகிற நேரத்தில் எந்தக் குரலும் கிடையாது. அவளுக்கு அது எப்போதுமே கிணற்றுக்குள் இறங்குகிற நேரம். எண்ணினாள். நாற்பது. ஐம்பது. போனில் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. எழுபத்தொன்றில் டோர்ஸ்டி, "திரை வாசிப்பு தொடங்கியது," என்றான். அக்டோபர் போய் டிசம்பர் வந்திருந்தது.

"அதுவா உன் டோர்ஸ்டி?" சில்வி போனை எடுத்துக் கேட்டாள். "தூ, தகர டப்பா மாதிரி இருக்கான். இதுக்கா என் தம்பி உசுரை விட்டான்?"

"ஆமாங்க. இதுக்குத்தான்."

"வேலை ஆச்சா? பிடுங்கிடட்டுமா? இனிமே உனக்கு இது தேவைப்படாதே?"

தேவைப்படாது. இனி அவள் இயந்திரம் நிவலாவுக்குப் போகாது. போய்த் தட்டவும் ஒன்றும் இல்லை. ஹெல்கா, "ஒரு நிமிஷம் அப்படியே இருக்கட்டுங்க," என்றாள்.

குளிரில் நின்றுகொண்டிருந்த சில்வி, என்னவோ புரிந்தவள் போல, ஏன் என்று கேட்கவில்லை. ஹெல்கா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டாள். வியாழக்கிழமைகளில் ஒரு மனுஷன் சூப் வாசனையோடு வந்து நின்று, ஒரு வரிக்காகக் காத்திருந்த அறையின் சத்தம் அது. இந்த ஏழு வருஷமும் தனக்கு யாரும் இல்லை என்று நம்பி வாழ்ந்தாளே, அத்தனையும் பொய். இருந்தார். இருந்தது தெரியாமல் இருந்துவிட்டாள்.

"சரிங்க," என்றாள். "பிடுங்கிடுங்க."

விசிறி இறங்கி இறங்கி நின்றது. அன்றைக்குத்தான் ஹெல்கா தனியானாள்.